கார் ஷெட் வரை வைஃபை: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூடத்தில் தங்குதடையின்றி ஓடுகிற வைஃபை, பத்து மீட்டர் தள்ளிக் கார் ஷெட்டில் நிற்கும் வண்டிக்குள் போய்ச் சேர்வதற்குள் ஒற்றைக் கோடாகச் சுருங்கிவிடுவது பலருக்கும் பழகிப்போன தொல்லை. முன்பெல்லாம் காருக்கு வைஃபை எதற்கு என்று கேட்டிருப்போம். இப்போது திரையின் மென்பொருளும் வரைபடமும் வீட்டு இணையத்தின் வழியாகவே புதுப்பித்துக்கொள்ளும் கார்கள் பெருகிவிட்டன. ஓட்டத்தைப் படம்பிடிக்கும் டேஷ்கேம்களில் சில, வண்டி வீடு வந்து சேர்ந்ததும் அன்றைய பதிவுகளைத் தாமாகவே ஏற்றிவிடுகின்றன. மின்கார் வாங்கியவர்களின் ஷெட் சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜரும் வைஃபை கேட்கிறது.

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலானோர் முதலில் செய்வது, ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டராகப் பார்த்து வாங்கி வருவதுதான். அந்தச் செலவைக் கடைசிக்கு ஒத்திப்போடுங்கள் என்பதே என் முதல் யோசனை. வைஃபை என்பது ஒருவர் மட்டும் பேசுகிற ஒலிபெருக்கி அன்று. இருவர் பேசிக்கொள்ளும் உரையாடல். ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காரின் சிறிய ஆன்டெனா சொல்லும் பதில் சுவர்களைத் தாண்டித் திரும்பி வந்தால்தான் தரவு நகரும். கோடுகள் நிறையத் தெரிந்தும் எதுவும் இறங்காமல் நிற்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். ஆகவே ரவுட்டரின் பலத்தைக் கூட்டுவதைவிட, இரண்டுக்கும் இடையிலுள்ள வழியைச் சீர்செய்வதே பயன் தரும்.

காருக்கு எவ்வளவு போதும்

ஒன்றரை ஜிபி அளவுள்ள ஒரு புதுப்பிப்பு, நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் இறங்கிவிடும். 25 மெகாபிட் கிடைத்தால் எட்டு நிமிடம். சார்ஜருக்கோ இதில் நூறில் ஒரு பங்கு வேகம்கூடத் தேவைப்படாது. இணைப்பு அறுந்து அறுந்து வராமல் நிலையாக இருந்தால் அதற்குப் போதும். டேஷ்கேம் ஒன்றுதான் சற்றுப் பேராசைக்காரன். அதற்கும் மேலேற்றும் வேகம் 10 மெகாபிட் கிடைத்தால் இரவுக்குள் வேலை முடிந்துவிடும். காருக்குள் உட்கார்ந்து கூடத்தில் கிடைக்கிற அதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. இந்த அளவை முன்பே மனத்தில் நிறுத்திக்கொண்டால், எந்தப் படியில் நிறுத்திக்கொள்வது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அளந்து பார்ப்பது

வைஃபை சிக்னலின் வலிமை டிபிஎம் என்னும் அலகில் சொல்லப்படுகிறது. அது எதிர்மறை எண்ணாகவே வரும். சுழியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுகிறது என்று பொருள். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்றால் −30 அல்லது −35 காட்டும். −67 வரை இருந்தால் காணொளிகூடத் தடையின்றி ஓடும். −75ஐத் தாண்டினால் இழுபறி தொடங்கும். −85க்குக் கீழே போய்விட்டால், பெயர் திரையில் தெரியுமே ஒழிய இணைப்பு நிற்காது. இரண்டு டிபிஎம் எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை டிபி என்பார்கள். மூன்று டிபி குறைந்தால் வலிமை பாதியாகிவிட்டது, பத்து டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அலசும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு நான்கு இடங்களில் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: ரவுட்டர் இருக்கும் அறை, ஷெட்டை ஒட்டிய அறை, ஷெட்டில் காருக்கு வெளியே, கடைசியாகக் காருக்குள் நான்கு கதவுகளையும் கண்ணாடிகளையும் ஏற்றி மூடிய நிலையில் திரைக்கு அருகே. ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று சராசரியை எடுங்கள். எண் நொடிக்கு நொடி ஆடிக்கொண்டேதான் இருக்கும். வைஃபை ஓடும் அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனியே அளக்க வேண்டும்.

கடலூர்ப் புதுப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டில் 2.4இல் கிடைத்த எண்கள் இவை: கூடத்தில் −36, ஷெட்டை ஒட்டிய படுக்கையறையில் −58, ஷெட்டில் −72, காருக்குள் −80. இந்த நான்கு எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே நோய் எங்கே என்று தெரிந்துவிடுகிறது. கூடத்திலிருந்து படுக்கையறைக்கு வரும்போது 22 டிபி போவதற்குத் தூரமும் ஒரு சுவரும் காரணம், அதில் வியப்பில்லை. படுக்கையறையிலிருந்து இரண்டடி தள்ளியுள்ள ஷெட்டுக்கு வருவதற்குள் மேலும் 14 டிபி போவதுதான் உறுத்தியது. காரின் தகர உடல் விழுங்கியது வெறும் 8.

போன் காட்டும் எண் போனின் காது கேட்பது மட்டுமே. கார் பேசுவது ரவுட்டருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில் திறக்கும் அந்தப் பக்கத்தில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் ஒவ்வொன்றின் சிக்னலையும் பல ரவுட்டர்கள் காட்டும். காரின் பெயருக்கு நேரே உள்ள எண்ணே உண்மையான தீர்ப்பு.

இந்தச் சோதனைகளுக்காகக் காரின் திரையை நெடுநேரம் எரியவிட வேண்டியிருக்கும் என்பதால் ஓர் எச்சரிக்கை. பேட்டரி இறங்கிவிடுமே என்று, மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உட்காராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை கனக்கிறதே என்று தோன்றும்போது எழுந்து வெளியே வருவதற்குத் தெம்பு இருக்காது. வண்டியை முழுவதுமாக ஷெட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு எஞ்சினைப் போடுங்கள்.

தடை எங்கே ஒளிந்திருக்கிறது

ரவுட்டரிலிருந்து காரின் முன்கண்ணாடிக்கு ஒரு நேர்கோடு இழுத்து, அந்தக் கோடு எவற்றையெல்லாம் துளைத்துக்கொண்டு போகிறது என்று வீட்டின் வரைபடத்தில் பாருங்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர் பெரிய தடை அன்று. ஒன்பது அங்குலச் சுவர் கவனிக்கத்தக்கது. கம்பி கட்டிய கான்கிரீட் தூணும் தளமும் அதைவிட மோசம். 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே பெரும்பாலும் நின்றுவிடும். கோடு சுவரைச் சாய்வாக வெட்டினால் கணக்கு இன்னும் மாறும்: ஒன்பது அங்குலச் சுவரை நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் கடக்கும் அலை கிட்டத்தட்டப் பதின்மூன்று அங்குலம் துளைக்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரியின் பழைய வீடுகளில், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவரைச் சாய்வாகக் கடப்பதென்றால் அது எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறி நிற்கும்போது இழப்பு மேலும் கூடும். நீர் இந்த அலைகளை உறிஞ்சக்கூடியது.

சுவரைவிட ஏமாற்றுவது உலோகம். நம் வீடுகளில் அது மூன்று வேடத்தில் வரும். முதலாவது, சன்னலில் அடித்திருக்கும் கம்பிக் கொசுவலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. ஓரிரு மில்லிமீட்டர்க் கண்ணுள்ள அலுமினிய வலையோ எவர்சில்வர் வலையோ அந்த அலைக்குத் தகரத் தகடு போலத்தான். சன்னல் திறந்துதானே இருக்கிறது என்று நாம் நினைப்போம். அலைக்கு அது மூடிய கதவு. நைலான் வலைக்கும் ஃபைபர் வலைக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கையளவு இடைவெளி விட்ட சன்னல் கிரில் பெரிதாகத் தடுக்காது.

இரண்டாவது, ஷெட்டின் இரும்பு ஷட்டர். ரவுட்டர் வீட்டுக்குள்ளும் ஷட்டர் தெருப் பக்கமும் இருந்தால் அது குறுக்கே வராது; சொல்லப்போனால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் இரைச்சலைத் தடுத்து உதவியே செய்யும். ஷெட் தனிக் கட்டடமாக இருந்து, அதன் ஷட்டர் வீட்டைப் பார்த்தபடி இருந்தால்தான் வம்பு. அப்போது ஷட்டரைத் திறந்து ஒரு முறை, இறக்கிவிட்டு ஒரு முறை என இரண்டு அளவுகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பீரோ. எங்கள் வீட்டில் 14 டிபியில் பெரும்பங்கைத் தின்றது இதுதான். படுக்கையறையின் கன்னி மூலையில், ஷெட்டை ஒட்டிய சுவரோடு சுவராக, ஆறரை அடி உயர இரும்பு பீரோ நிற்கிறது. போனைப் பீரோவின் பக்கவாட்டில் பிடித்தால் −58. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவேயுள்ள சந்தில் கையை விட்டுப் பிடித்தால் −68. பின்னாலிருக்கிற சுவர் அதற்குமேல் நான்கைத்தான் எடுத்துக்கொண்டது. அம்மாவிடம் பேச்சைத் தொடங்கினேன். “பீரோவ எடுத்து வேற எடத்துல வைக்கிற பேச்சே வேணாம். நீ ஒன் பொட்டிய நகத்திக்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கன்னி மூலைப் பீரோ எந்த வீட்டிலும் எளிதில் நகராது என்பதால், மாற்று வழியையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

செலவில்லாத திருத்தங்கள்

ரவுட்டரைப் பல வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பின்னால், ஷோகேஸின் கீழ்த்தட்டில்தான் வைத்திருப்பார்கள். ஃபைபர் கேபிள் அங்கேதான் உள்ளே வருகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. தொலைக்காட்சியின் பின்புறம் முழுக்க உலோகம். ரவுட்டரை அங்கிருந்து விடுவித்து ஐந்து, ஆறு அடி உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். பின், நேர்கோடு எந்தத் தடையைத் தவிர்க்கும் என்று பார்த்துப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நான் ஐந்தடிதான் நகர்த்தினேன். கோடு பீரோவை விட்டு விலகிச் சன்னல் வழியாகப் போயிற்று. ஷெட்டில் −72 என்றிருந்தது −65 ஆயிற்று, காருக்குள் −73. ஃபைபர் இழையை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு இறுக்கிச் சுற்றினாலோ மடித்தாலோ ஒளி கசிந்து, வீட்டுக்கே இணையம் போய்விடும். நீளம் போதாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரை அழைப்பதே நல்லது.

ஆன்டெனா வெளியே தெரியும் ரவுட்டராக இருந்தால், அது தன் உச்சி நோக்கி அலையை வீசுவதில்லை. தண்டைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் பரப்பும். கார் அதே தளத்தில் இருந்தால் ஆன்டெனாக்களை நிமிர்த்தி வையுங்கள். மாடியில் ரவுட்டரும் கீழே காரும் என்றால் ஒன்றை நிமிர்த்தி, மற்றொன்றைப் படுக்கவையுங்கள்.

அடுத்தது அலைவரிசை. வேகம் என்று பார்த்தால் 5 கிகாஹெர்ட்ஸ். சுவர் தாண்ட வேண்டுமென்றால் 2.4. ஷெட்டுக்குப் பெரும்பாலும் 2.4தான் சரி, சார்ஜர்களும் பல டேஷ்கேம்களும் அதை மட்டுமே அறியும். ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கலந்து தருகிறதென்றால், நிர்வாகப் பக்கத்தில் அதைப் பிரித்து 2.4க்குத் தனிப் பெயர் கொடுங்கள். அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சானல்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மட்டுமே. இந்தியாவில் 12, 13 சானல்களும் உண்டு என்றாலும், வெளிநாட்டுச் சந்தையையும் எண்ணிச் செய்த சில காரின் திரைகளுக்கு அவை தெரியாது, தவிர்த்துவிடுங்கள். சானலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். அதை 40 ஆக்கினால் வேகம் கூடும் என்று ரவுட்டர் சொல்லும். மஞ்சக்குப்பம், லாஸ்பேட்டை போல வீடுகள் நெருங்கிய பகுதிகளில் அண்டை வீடுகளின் இரைச்சலையும் சேர்த்து வாரிக்கொள்வதுதான் அதனால் மிஞ்சும். 5 கிகாஹெர்ட்ஸையே பயன்படுத்த முடிகிற வீட்டில் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரையுள்ள சானல்களைத் தேர்ந்தெடுங்கள். இடைப்பட்டவற்றில் ரேடார் குறுக்கிட்டால் ரவுட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்ற விதி உண்டு. சில கார்களுக்கு அவை கண்ணிலேயே படுவதில்லை.

கார் நிற்கும் திசையும் ஒரு திருத்தம்தான். கூரையும் கதவுகளும் தகரம். அலை உள்ளே நுழைவது கண்ணாடி வழியாக மட்டுமே. முன்கண்ணாடி பெரியது, அதற்கு நேர் கீழேதான் திரையும் இருக்கிறது. பின்கண்ணாடி சிறியது, பல கார்களில் பனி நீக்கும் உலோகக் கோடுகளும் அதில் ஓடுகின்றன. நான் வழக்கம்போல் பின்பக்கமாக ஏற்றி நிறுத்துகிறவன். ஒருநாள் சோதனைக்காக மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தியபோது, வேறெதையும் தொடாமலேயே 6 டிபி கூடியது. ஆனால் காலையில் பள்ளி வேன்கள் வரிசைகட்டும் நேரத்தில் பின்பக்கமாகத் தெருவில் இறங்குவது எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டே நாளில் பழையபடி நிறுத்தத் தொடங்கிவிட்டேன். புதுப்பிப்பு இறங்க வேண்டிய ஓர் இரவுக்கு மட்டும் இப்படித் திருப்பி நிறுத்துவது சிக்கனமான தந்திரம்.

இத்துடன் −70 அளவுக்கு வந்துவிட்டதென்றால், இணைப்பு நிலையாக இருக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

ஷெட்டுக்கு ஒரு கேபிள்

மேற்சொன்னவை போதாதபோது, நிலையான தீர்வு ஒன்றுதான்: ரவுட்டரிலிருந்து ஷெட்டுக்கு கேட்-6 என்னும் இணையக் கேபிள் ஒன்றை இழுத்து, அதில் வருவதை அங்கேயே வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் என்ற கருவியை வைப்பது. அலை சுவரைத் துளைக்க வேண்டிய தேவையே இதில் இல்லை. கேபிளின் நீளம் நூறு மீட்டர் வரை போகலாம். எந்த வீட்டுக்கும் அது மிகுதி.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும்; முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கடற்காற்றில் அது சீக்கிரம் பொரிந்துபோகும். கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பப்போகிறோம் என்றால் அதைத் தொடவே கூடாது. வெளிப்புறச் சுவரில் ஓடும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளை வாங்கி, அதையும் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். வெயிலுக்கு மட்டும் அன்று, அணிலுக்கும் எலிக்கும் சேர்த்துத்தான்.

சுவரில் துளையிடும்போது உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரியும்படி இடுங்கள். அப்போதுதான் சாரல் துளை வழியே கூடத்துக்குள் வராது. கேபிள் துளைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். ஓடிவரும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். பிறகு சிலிக்கான் வைத்து அடையுங்கள். மின்சாரக் கம்பி போகும் அதே பைப்பில் இதைத் திணிக்க எலக்ட்ரீஷியன் முனைவார். “தனிப் பைப்பா போட்டுருங்க அண்ணே” என்று அன்பாகச் சொல்லி, இரண்டுக்கும் இடையே ஓரடியாவது விடச் சொல்லுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். முனையில் இணைப்பி அடிக்கும் வரிசை, இணைப்பியின் கொக்கி கீழே இருக்க இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும். அடித்த பிறகு டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகின்றனவா என்று பார்க்காமல் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள்.

ஷெட்டில் வைக்கும் கருவிக்கு, கேபிள் வழியே மின்சாரம் பெறும் வகையை நான் பரிந்துரைக்கிறேன். மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டி வீட்டுக்குள் இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்துகொள்ளும். ஷெட்டில் பிளக் பாயிண்ட்டே தேவைப்படாது. வாங்கும்போது இரண்டும் ஒரே தரத்தைச் சேர்ந்தவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 802.3ஏஎஃப் தரத்துக் கருவியை 24 வோல்ட் பெட்டியோடு இணைத்தால் வேலை செய்யாது. 24 வோல்ட் கருவியில் வேறு பெட்டியை மாட்டினால் புகைந்துபோகவும் கூடும்.

புதிது வாங்க வேண்டாம் என்றால், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே இதற்குப் போதும். அதன் நிர்வாகப் பக்கத்தில் ஆக்சஸ் பாயிண்ட் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மூன்று மாற்றங்கள்: அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் முதன்மை ரவுட்டரோடு மோதாத ஒன்றாக்குங்கள். முகவரி வழங்கும் டிஎச்சிபி பணியை அணையுங்கள். கேபிளை அதன் வான் (WAN) துளையில் செருகாமல் லான் (LAN) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இரண்டாவதை மறந்தால் வீட்டில் இரண்டு நாட்டாமைகள் ஆளுக்கொரு முகவரி கொடுத்து, எல்லாக் கருவிகளும் குழம்பிப்போகும்.

எங்கே மாட்டுவது? காரின் கூரைக்கு நேர் மேலே வேண்டாம். அலை தகரத்தில் பட்டுத் தெறிக்கும். கார் நிற்கும் திசையில் அதன் முன்கண்ணாடியைப் பார்த்த சுவரில், ஆறு, ஏழு அடி உயரத்தில் மாட்டுங்கள். என் கார் தெருவைப் பார்த்து நிற்பதால், ஷட்டருக்கு உள்பக்கமாக, அதன் பக்கத் தூணில்தான் மாட்டினேன். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரையை ஒட்டி மாட்டினால் கத்திரி வெயிலில் வெந்துவிடும். வீட்டுக்குள் வைப்பதற்கான கருவிகள் பெரும்பாலும் 40 பாகை வெப்பம் வரைதான் தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். கூரையிலிருந்து இரண்டடியாவது இறக்கி வையுங்கள்.

உயரத்துக்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிக் கொட்டிய மழையையும் பார்த்தவர்கள், தரையை ஒட்டி எந்த மின்கருவியையும் வைக்கமாட்டார்கள். உங்கள் தெருவில் வெள்ளம் ஏறிய கறை எந்தச் சுவரிலாவது இன்னும் இருக்கும். இணைப்புகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும்.

சுற்றிலும் மூடாத போர்டிகோ என்றால் தூசியும் மழையும் தாங்கும் ஐபி65 தரமுள்ள வெளிப்புறக் கருவியே வேண்டும். இடி, மின்னலைப் பற்றியும் ஒரு சொல்: வீட்டுக்குள் வரும் ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் ஓடாது, ஷெட்டுக்குப் போகும் செம்புக் கேபிளில் ஓடும். ஷெட் தனிக் கட்டடமானால் இரு முனையிலும் எர்த் கொடுத்த இடிதாங்கிப் பெட்டி போடுவது நல்லது. அது இல்லாதபோது இடி முழங்கும் இரவுகளில் வீட்டுப் பக்க முனையைக் கழற்றிவிடுங்கள்.

துளையிட முடியாத வீடுகள்

வாடகை வீட்டில் சுவரைத் தொட அனுமதி கிடைக்காதபோது வைஃபையை வாங்கித் திருப்பிப் பரப்பும் மெஷ் அல்லது ரிப்பீட்டர்தான் வழி. ரிப்பீட்டரை ஷெட்டிலேயே வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. −80இல் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கருவி, கோடுகளை முழுதாகக் காட்டிக்கொண்டே தரவைத் தராமல் ஏமாற்றும். அதற்கு −60 அல்லது −65 கிடைக்கும் இடத்தில், எங்கள் வீட்டுக் கணக்கில் ஷெட்டை ஒட்டிய படுக்கையறைச் சன்னலோரத்தில், வைக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே பேசும் மலிவான வகை வேகத்தைப் பாதியாக்கும். முன்பு பார்த்த கணக்கின்படி காருக்கு அதுவே போதும்.

மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் பவர்லைன் கருவிகளையும் விற்கிறார்கள். கூடமும் ஷெட்டும் ஒரே பேஸில் (மின்முனையில்) இருந்தால் ஓடும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் வேறு வேறு பேஸில் இருந்தால் தடுமாறும். திருப்பிக் கொடுக்க முடியும் என்றால் மட்டும் வாங்கிச் சோதியுங்கள். புதுச்சேரி ரெட்டியார்பாளையம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் ஸ்டில்ட் தளத்தில் நிறுத்துவோருக்குச் சங்கத்தின் அனுமதியோடு கேபிள் இறக்குவது அல்லது புதுப்பிப்பின்போது மட்டும் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுப்பது ஆகிய இரண்டும்தான் நடைமுறைக்கு ஒத்தவை. கான்கிரீட் தளங்களோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை.

காரின் பக்கத்து அமைப்புகள்

சிக்னல் சரியாக இருந்தும் கார் இணையவில்லை என்றால், ரவுட்டரில் வைஃபைக்குப் போட்டிருக்கும் பாதுகாப்புப் பூட்டு எந்த வகை என்று பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் சில ஆண்டுகள் பழைய திரைகள் உள்ளே வர முடியாது. 2, 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். பெயரிலும் கடவுச்சொல்லிலும் தமிழ் எழுத்துகளோ விசித்திரக் குறிகளோ வேண்டாம். காரின் விசைப்பலகையில் அவை இருக்காது. ஷெட்டுக்கென்று ஒரு விருந்தினர் வைஃபையைத் தனியே உருவாக்கி அதில் காரையும் சார்ஜரையும் சேர்ப்பது நல்லது. ஷெட்டில் எட்டும் சிக்னல் தெருவிலும் எட்டும். சர்வீசுக்கு விடும் வண்டிக்குள் உங்கள் வீட்டுக் கடவுச்சொல் உட்கார்ந்திருக்கும். ஆக்சஸ் பாயிண்ட்டின் வலிமையையும் நடுத்தர அளவுக்குக் குறைத்து, முதன்மை ரவுட்டர் சானல் 1இல் இருந்தால் இதை 6 அல்லது 11இல் வையுங்கள்.

கம்பியில்லா ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே பயன்படுத்துவோர் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் போன் காரின் சொந்த வைஃபையோடுதான் இணைகிறது. வீட்டு வைஃபைக்கு அதில் வேலை இல்லை. வண்டியைக் கிளப்பிய முதல் ஒரு நிமிடம் பாட்டு திக்கினால், ஷெட்டுக்குள் நீங்கள் வலுப்படுத்திய வைஃபையைப் போன் விட மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸை ஷெட்டில் அணைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்தபின் அந்த நான்கு இடங்களிலும் மறுபடி அளந்தேன். காருக்குள், கதவுகள் மூடிய நிலையில் −48. அந்த எண்களை எழுதிய தாளை மீட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற உப்புக்காற்றில், ஷெட்டுப் பக்க இணைப்பியின் உலோக நாக்குகளில் ஒரு வருடத்துக்குள் பச்சை பூத்துவிட்டது. எண் மாறாமலேயே வேகம் மட்டும் பாதியாகக் குறைந்தபோதுதான் கழற்றிப் பார்த்தேன். முனையில் ஒன்றரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தேன். அதற்காகவே ஆக்சஸ் பாயிண்ட்டின் பின்னால் இரண்டடிக் கேபிளை உபரியாகச் சுருட்டி வையுங்கள்.